வீரமாமுனிவர் வழித்தடம்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாள் வேன் பயணம்

பாளையங்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பி, வீரமாமுனிவரோடு தொடர்புடைய இடங்களைக் காட்டிவிட்டு இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி, நம் ஊர்ச் சிறு நிறுவனம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் ஓட்டிவருகிறது. ஐப்பசிக் கடைசி ஞாயிறன்று என் மனைவி, மதினியார் ஆகியோருடன் அதில் போய்வந்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. தொடங்கிச் சில மாதங்களே ஆன நிறுவனம். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்தில் திருத்திக்கொள்ளக் கூடியவை. பாளையங்கோட்டையில் விசாரித்தால் எந்த வண்டி என்று எளிதாகத் தெரிந்துவிடும்.

கட்டணம் தலைக்கு 1,400 ரூபாய். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, மாலைக் காப்பி எல்லாம் அதற்குள் அடக்கம். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர் சுத்தமாக இருந்தது. குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்தது. ஓட்டுநர் நான்குவழிச் சாலையில்கூட எண்பதைத் தாண்டவில்லை. காலைப் பலகாரத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் பொதிந்த நான்கு இட்லிகள். இலை வாட்டப்பட்டிருந்ததால் பிரிக்கும்போது கிழியவில்லை. எண்ணெய் இட்லிக்குள் இறங்கியிருந்ததே தவிர மடியில் ஒழுகவில்லை. என் மதினியார் எளிதில் எதையும் மெச்சுகிறவர் அல்லர். அவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "கட்டுனவ வீட்டுக்காரிதான், கடைக்காரன் இல்ல" என்றார். விசாரித்தபோது அது உண்மையாகவே இருந்தது. நிறுவனத்தை நடத்துபவரின் தாயார்தான் விடியற்காலையில் எழுந்து கட்டுகிறாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், வட இத்தாலியில் மாந்துவா நகரத்துக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது வைத்துக்கொள்ளும் ஞானப்பிரகாசம் என்ற பெயருக்கு உரிய புனிதரான அலோசியுஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர்தான். பெஸ்கி 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1709இல் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டே கோவாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்த அவருடைய தொடக்க கால ஊழியம் நம் திருநெல்வேலிச் சீமையில், குறிப்பாகக் காமநாயக்கன்பட்டி வட்டாரத்தில் நடந்தது. இன்று அந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டம் பிரிந்தது 1986இல்தான் என்பதால், என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் நெல்லைச் சீமைதான்.

பயணத்தின் முதல் நிறுத்தமே காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா ஆலயம். ஆகஸ்ட் 15ஆம் நாள் தேர்த் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரமெல்லாம் திரளும் இடம். நாங்கள் போய் இறங்கியபோது உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆலயத்தில் வேறு என்ன நடக்கும்? பயணத்தைத் திட்டமிட்டவர்களுக்கு இது தோன்றாமல் போனது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. வழிபடுகிறவர்களுக்கு இடையே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நுழைவது முறையன்று என்பதால், நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றோம். பூசை முடிந்து உள்ளே போனதும், அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கால் மணி நேரத்தில் வெளியே அழைத்துவிட்டார்கள். சனிக்கிழமைக்கு மாற்றினால் இந்தக் குறை தானே தீர்ந்துவிடும்.

ஆனால் அந்த வேப்பமர நிழலில் நின்ற நேரம்தான் எனக்கு அன்றைய பயணத்தில் மிகப் பயனுள்ள நேரமாக அமைந்தது. அதற்குக் காரணம் நிறுவனம் அன்று. உடன் வந்த ஒரு பள்ளிச் சிறுமி. எங்களோடு வந்த வழிகாட்டி இளைஞர் பொழுதைப் போக்குவதற்காக, முனிவர் பாடிய காப்பியத்தைக் குறித்து, "தேம்பாவணியிலிருந்து யாராவது ஒரு பாட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண், தன் தாயாரோடு வந்திருந்தவள், பாடநூலில் உள்ள செய்யுளைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் தடுமாறி நின்றாள். பக்கத்தில் நின்ற தாயார், மகளைப் பார்க்காமல் ஆலயத்தின் கதவைப் பார்த்தபடியே, மீதியை மெல்லிய குரலில் சொல்லி முடித்தார். மகளுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது தமக்கே மனப்பாடமாகிவிட்டது என்று சிறிது கூச்சத்தோடு சொன்னார். இளைஞர், "எல்லாரும் ஒரு கைதட்டு" என்று சொல்லிவிட்டு, வீரமாமுனிவர் தமிழெழுத்தைச் சீர்திருத்திய கதைக்குத் தாவிவிட்டார்.

அங்கேதான் எனக்கு வருத்தம். ஓய்வுபெறும் வரை நான் அந்தப் பாடத்தை நடத்தியவன். அது என்ன இடம் என்றால், விவிலியத்தின் திருமுழுக்கு யோவான் தன் தாயை இழந்து புலம்பும் இடம். யோவானுக்கு முனிவர் வைத்த தமிழ்ப் பெயர் கருணையன். காட்டில் தாயோடு தனியே வாழ்ந்த அந்த இளைஞன், இறந்த தாயின் உடலைப் பூக்கள் பரப்பிய படுக்கையில் கிடத்தி, அன்போடு காத்துக்கொள் என்று மண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, மேலே பூவையும் கண்ணீரையும் சேர்த்துச் சொரிகிறான். அந்தத் தாயின் பெயர் எலிசபெத். இதே பாடநூல் வரிசையிலும் பிற நூல்களிலும் வீரமாமுனிவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால், தந்தை கொண்டல்போ பெஸ்கி, தாய் எலிசபெத் என்று அச்சிட்டிருக்கும். முப்பது வயதில் தாயகம் விட்டு, திரும்பப் போகாமலே, 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்த ஒரு மகன், எலிசபெத் என்னும் தாயை இழந்த ஒரு மகனின் அழுகையைத் தமிழில் எழுதியிருக்கிறான். விவிலியத்திலேயே உள்ள பெயர் அது என்பது எனக்குத் தெரியும். கவிஞர் தம் தாயை எண்ணித்தான் எழுதினார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் அந்த ஆலய வாசலில், ஒரு தாய் மகள் விட்ட அடியை எடுத்துக் கொடுத்த அந்த நொடியில், வழிகாட்டியாக நிற்பவர் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுவாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புலம்பலில் கருணையன், தாயின் சொல்லை மழையாகக் கொண்டு வளர்ந்த நான், துளி இல்லாமையால் மணி பிடிக்கும் முன்பே வாடிக் காய்ந்த இளம்பயிர் போல ஆனேன் என்கிறான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சாலைக்கு அந்தப்புறம் கரிசல் காடு. இந்த முறை மழை தள்ளிப்போனதால் உளுந்து ஒரு சாண் உயரத்தில் தயங்கி நின்றது. வரப்போரத்தில் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. இத்தாலியில் ஆற்றுவளம் மிக்க லொம்பார்தியச் சமவெளியில் பிறந்தவருக்கு, வானத்தைப் பார்த்து விதைக்கிற இந்தப் பூமியில்தான் அந்த உவமை கைக்கு வந்திருக்கும் என்பது என் சொந்த ஊகம். மானாவாரிக் காட்டைக் கண்டவர்கள் இதை ஊகம் என்று தள்ளிவிட மாட்டார்கள்.

வண்டியில் ஏறியதும் ஆளுக்கு ஒரு தகவல் காகிதம் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நல்ல அச்சு. உள்ளடக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. 'தமிழ் எழுத்துகளை உருவாக்கியவர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவர் செய்தது அதைவிடச் சிறியது. ஆனால் அதைவிட நுட்பமானது. பழைய ஏட்டு வழக்கில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் பலர் புள்ளியை விட்டுவிட, எரி எது ஏரி எது என்று இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முனிவர் புள்ளியைக் கைவிட்டு, நெடிலுக்கு எகரத்தின் காலைக் கீழே நீட்டியும், ஒகரத்துக்குச் சுழியைச் சேர்த்தும், கொம்பை இரட்டைச் சுழிக் கொம்பாக்கியும் வேறுபாடு காட்டினார். இன்று நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு ஏகாரத்திலும் ஓகாரத்திலும் அந்தக் கை இருக்கிறது. இதைச் சொல்லவும் ஒரு பத்திதான் ஆகும். பொய்யாக உயர்த்திச் சொல்லவும் ஒரு பத்திதான் ஆகிறது.

அதே காகிதத்தில் அவர் திருச்சியைப் பிடித்து ஆண்ட சந்தா சாகிபின் திவானாக இருந்தார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாக எழுதியிருக்கிறார்கள். புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாற்றின் வழியாகப் பரவிய கதைகளில் அதுவும் ஒன்று. ஆராய்ந்தவர்கள் அதை எச்சரிக்கையோடுதான் கையாளுகிறார்கள். மாறாக, 1714-15இல் நம் சீமையிலேயே அவர் பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார் என்ற செய்தி காகிதத்தில் இல்லவே இல்லை. அவர் தொகுத்த சதுரகராதி என்னும் அகராதியின் ஆண்டு 1732 என்று சரியாகவே இருக்கிறது. திருக்குறளின் முதல் இரண்டு பால்களை மட்டும் இலத்தீனில் பெயர்த்தார் என்பதும் இருக்கிறது. மூன்றாவதை ஏன் விட்டார் என்று ஒருவர் கேட்டதற்கு, "சாமியார்தானே சார்" என்று வழிகாட்டி சொன்ன பதில் அன்று அவர் சொன்னவற்றுள் மிகத் துல்லியமானது.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்குவதற்கு இருபது நிமிடம் நிறுத்தினார்கள். மதியச் சாப்பாடு தூத்துக்குடியில். குறை சொல்லவும் இல்லை, நினைவில் நிற்கவும் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கு இரண்டு மக்ரூன் கொடுத்தார்கள். முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து நாக்கில் கரையும் அந்தப் பண்டத்தின் பெயருக்கு வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது என்பதை வண்டியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முட்டை என்று கேட்டதும் என் மனைவி தன் பங்கை அந்தப் பள்ளிச் சிறுமியிடம் நீட்டிவிட்டாள்.

பிற்பகல் முழுவதையும் மணப்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மணப்பாடு பார்க்க வேண்டிய ஊர்தான். கடலுக்குள் நீண்ட மணல்மேட்டின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, பனையோலையில் பெண்கள் பின்னும் கூடைகள், மாலை வெயிலில் இருபுறமும் தெரியும் கடல் ஆகியவற்றுக்காகத் தனியே ஒரு நாள் போகலாம். ஆனால் வீரமாமுனிவர் வழித்தடம் என்று பெயர் வைத்துவிட்டு, பாதி நாளைச் சவேரியாருக்குக் கொடுப்பதற்கு அழகிய கடற்கரை என்பதைத் தவிர வேறு காரணத்தை இவர்கள் சொல்லவில்லை. போதாக்குறைக்கு வழிகாட்டி இளைஞர், இருவருமே இத்தாலிய நாட்டுத் துறவிகள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். சவேரியார் 1506இல் பிறந்த நவார் நாடு இன்றைய ஸ்பெயினில் உள்ளது. அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். இருவருக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. நான் இதை மெதுவாக எடுத்துச் சொன்னபோது அந்தப் பிள்ளை கோபப்படவில்லை; குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கற்றுக்கொள்ளக் கூடியவர் என்று எனக்குப் பட்டது. படிக்கக் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை.

அன்று வீரமாமுனிவரைப் பற்றி எனக்குச் சரியாக விளக்கியவர் ஓட்டுநர். திருச்செந்தூர்ச் சாலையில் தேரிக்காட்டின் சிவந்த மணல் தெரியத் தொடங்கிய இடத்தில், நான் முன்னிருக்கைக்கு மாறி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் உயரச் சுரூபம் ஒன்று. தோளில் குழந்தையும் கையில் மூலைமட்டமும் ஏந்திய தாடிக்காரர். கீழே ஒட்டியிருந்த மல்லிகைச் சரம் காலையில் வைத்ததாக இருக்க வேண்டும். ஓரம் மட்டும் பழுத்திருந்தது.

"சூசையப்பர்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா சார். எங்க தாத்தா பேரும் சூசைதான். ஆனா ஆசாரி இல்ல, பனையேறி" என்றவர், சிறிது நேரம் கழித்து, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "வேதத்துல இவுக ஒரு வார்த்த பேசல, பாத்துக்கிடுங்க. சம்மனசு (தேவதூதன்) சொல்லும், இவுக எந்திரிச்சிப் போவாக, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு. அவ்வளவுதான். எங்க தாத்தாவும் அப்படித்தான், பேச மாட்டாரு" என்றார்.

அவர் சொன்னது சரி. நற்செய்தி நூல்களில் சூசையப்பர், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தையான ஜோசப், வாயிலிருந்து ஒரு சொல்லும் பதிவாகவில்லை. அந்தப் பேசாத தச்சரைத்தான் தேம்பாவணி என்னும் தம் காப்பியத்தின் தலைவராக வைத்து, வளன் என்று பெயரிட்டு, மூன்று காண்டங்களில், 36 படலங்களில், 3,615 விருத்தங்கள் பாடினார் முனிவர். தமிழ்க் காப்பியத்துக்கு உரிய தலைவன் அரசனாகவோ வீரனாகவோ வணிகச் செல்வனாகவோ இருப்பதுதான் நாம் கண்ட வழக்கம். உளி பிடித்து உழைத்து, மனைவியையும் பிள்ளையையும் இரவோடு இரவாக எகிப்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் காப்பாற்றிய ஒரு குடும்பத் தலைவனை அந்த இருக்கையில் அமர்த்தியவர், தமக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாத ஒரு துறவி. கொன்ஸ்தான்சோ ஜோசப் என்ற தம் பெயரின் முன்பாதியைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். பின்பாதியாகிய ஜோசப்பை வளன் ஆக்கிக் காப்பியத் தலைவனுக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெயரைப் பகிர்ந்துகொண்ட புனிதர் மேல் பக்தி என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் வீட்டை விட்டு வந்தவன் வீட்டைப் பற்றியே ஆயிரக்கணக்கில் பாடினான் என்பது பக்தியோடு கூடவே வேறொன்றையும் சொல்கிறது. வீரமாமுனிவர் வழித்தடம் என்று பணம் வாங்குகிறவர்கள் அகராதியையும் எழுத்துச் சீர்திருத்தத்தையும் மட்டும் சொல்லி, இந்த மனிதரை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் முதன்மையான குறை.

உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி நன்றாக இருந்தது. திரும்பி வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. எட்டு மணி என்று சொல்லியிருந்தார்கள். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கழிப்பறைக்கு நிறுத்திய இரண்டு இடங்களும் சுத்தமாக இருந்தன என்று மதினியார் கட்டாயம் எழுதச் சொன்னார்.

வண்டிக்கும் ஓட்டுநருக்கும் இட்லிக்கும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். வழிகாட்டலுக்கு இரண்டு. மொத்தத்தில் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் நிறுவனத்தை நடத்துபவர் தொலைபேசியில் அழைத்து எப்படி இருந்தது என்று கேட்டார். மேலே எழுதியவற்றையே சற்று மென்மையாகச் சொன்னேன். மணப்பாட்டைத் தனிப் பயணமாகப் பிரித்துவிட்டு, அந்த நேரத்தைக் காமநாயக்கன்பட்டிக்கே கொடுங்கள் என்றும் சொன்னேன். "அப்போ காகிதத்த நீங்களே எழுதிக் கொடுத்திருங்க சார்" என்றார். இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அதுவரைக்கும் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: சன்னலோரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாமல், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.